கண்ணாடி மாற்றியதிலிருந்து கார் வலப்பக்கம் இழுக்கிறது, ஏடாஸை அணைத்துவிடலாமா?

கேள்வி: பாபநாசத்திலிருந்து கும்பகோணத்தில் உள்ள பள்ளிக்குத் தினமும் மின்சார காரில் போய் வருகிறேன். கார் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. ஐப்பசியில் லாரியிலிருந்து தெறித்த ஜல்லி பட்டு முன்கண்ணாடி விரிசல் விட்டது. இன்சூரன்ஸில் மாற்றினோம். அதற்குப் பிறகு, வண்டியைக் கோட்டுக்குள் வைத்திருக்க உதவும் லேன் அசிஸ்ட் ஸ்டீயரிங்கை மெல்ல வலப்பக்கமாக இழுக்கிறது. மார்கழி முழுக்கக் காலையில் ‘முன் கேமரா தற்காலிகமாக இயங்கவில்லை’ என்று திரையில் வந்தது. பள்ளி போய்ச் சேர்வதற்குள் மறைந்துவிடும். ஆற்றுப்பாலத்துக்கு முந்தைய வளைவில், எதிரே எதுவும் இல்லாதபோது, இரண்டு முறை தானாகப் பிரேக் பிடித்தது. பின்னால் பைக்கில் வந்தவர் தடுமாறிவிட்டார். ஆனால் வைக்கோல் ஏற்றிய டிராக்டரை நெருங்கும்போது எந்தச் சத்தமும் கொடுப்பதில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டுப் பத்து நாள் கழித்து வண்டியை எடுத்தால் எல்லா எச்சரிக்கை விளக்கும் ஒன்றாக எரிந்தன. சர்வீஸ் சென்டரில், “சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணியாச்சு மேடம், நம்ம ஊர் ரோட்டுக்கு இது இப்படித்தான் இருக்கும்” என்கிறார்கள். என் கணவர் ஏடாஸ் (கேமராவையும் ரேடாரையும் வைத்து ஓட்டுநருக்கு உதவும் அமைப்பு) முழுவதையும் அணைத்துவிடச் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள டீச்சர், வணக்கம்.

மீதியைப் படிப்பதற்கு முன் லேன் அசிஸ்டை அணைத்துவிடுங்கள். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். வலப்பக்கம் இழுக்கிறது என்றால் எதிரே வருகிற பஸ்ஸை நோக்கி இழுக்கிறது என்று அர்த்தம். முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் அடாப்டிவ் க்ரூஸையும் இப்போதைக்குத் தொட வேண்டாம். தானியங்கி அவசர பிரேக்குக்கு மெனுவில் ‘எச்சரிக்கை மட்டும்’ என்ற தேர்வு இருந்தால், கேமரா வேலை முடியும்வரை அதில் வையுங்கள்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதியிருப்பது ஒரே கோளாறு இல்லை. கண்ணாடி மாற்றியதில் விட்டுப்போன வேலை ஒன்று. பனியும் வெயிலும் கேமராவை மறைப்பது இன்னொன்று. சின்ன பேட்டரி இறங்கியது தனிக் கதை. வைக்கோல் வண்டி விஷயம் கோளாறே இல்லை, அந்த அமைப்பின் எல்லை. நான்கையும் சேர்த்து “ரோடு அப்படி” என்று சொல்லிவிட்டதால்தான் உங்களுக்கு விடை கிடைக்கவில்லை. அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. நம் சாலைகளுக்கு இந்த அமைப்பு பழகவில்லை என்பதில் உண்மை உண்டு. ஆனால் ஐப்பசி வரை ஒழுங்காக இருந்த லேன் அசிஸ்ட் கண்ணாடி மாற்றியதும் இழுக்கத் தொடங்கியது என்றால், அந்தப் பழியைச் சாலை மேல் போட முடியாது.

முன் கேமரா, ரியர்வியூ மிரருக்குப் பின்னால் கண்ணாடியை ஒட்டி இருக்கிறது. அது பார்ப்பதெல்லாம் அந்தக் கண்ணாடி வழியாகத்தான். கண்ணாடி மாறும்போது அது உட்காரும் கோணம், கேமராவைத் தாங்கும் பிராக்கெட் ஒட்டப்பட்ட இடம், கண்ணாடியின் வளைவு எல்லாமே மயிரிழை மாறலாம். மூக்குக்கண்ணாடியில் பவர் மாற்றியவருக்கு முதல் நாள் படிக்கட்டு தள்ளித் தெரியும் அல்லவா, அதேதான். ஒரு டிகிரி விலகல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 மீட்டர் தூரத்தில் அது 1.75 மீட்டர் வித்தியாசம். தேசிய நெடுஞ்சாலையில் ஒரு லேனின் அகலம் 3.5 மீட்டர். அப்படியானால் கேமரா பாதி லேன் தள்ளிப் பார்க்கிறது. ஓரக்கோடு அருகில் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, வண்டியை ‘நடுவுக்கு’க் கொண்டுவருவதாக வலப்பக்கம் தள்ளுகிறது. அதன் கணக்குப்படி அது செய்வது சரி. அதற்குக் கொடுத்த பார்வைதான் தப்பு.

இதைச் சரிசெய்வதற்குப் பெயர் கேலிபிரேஷன். இரண்டு விதமாகச் செய்வார்கள். சமதளத் தரையில் வண்டியை நிறுத்தி, முன்னால் அளந்த தூரத்தில் குறிப்பலகை வைத்து, ஸ்கேன் கருவியால் கேமராவுக்கு ‘நேர் எது’ என்று சொல்லிக்கொடுப்பது ஒன்று. கருவியை மாட்டிக்கொண்டு, கோடு தெளிவாக உள்ள சாலையில் குறிப்பிட்ட வேகத்தில் ஓட்டி, கேமராவே கற்றுக்கொள்ளும்படி விடுவது மற்றொன்று. எது வேண்டும் என்பதைத் தயாரிப்பாளரின் சர்வீஸ் கையேடு சொல்லும். சில மாடல்களுக்கு இரண்டும் தேவை. ஓட்டிச் செய்வதென்றால் அய்யம்பேட்டை, பாபநாசம், தாராசுரம் என்று ஊர் ஊராக நுழைந்து வரும் பழைய சாலை அதற்குச் சரிப்படாது. கோடு அழிந்த இடம் வரும், சந்தைக் கூட்டம் வரும், வேகம் கிடைக்காது. திருச்சி–தஞ்சாவூர் நான்குவழிச் சாலையில் ஓட்டச் சொல்லுங்கள்.

கண்ணாடி மாற்றிய பில்லை எடுத்துப் பாருங்கள். கேலிபிரேஷன் என்று தனி வரி இருக்கிறதா? இல்லையென்றால் செய்யவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். இருந்தால், வேலை முடிந்ததும் கருவி தரும் அறிக்கையின் பிரதியைக் கேளுங்கள். தேதியும் ‘நிறைவு’ என்ற முடிவும் அதில் இருக்க வேண்டும். “அப்டேட் பண்ணிட்டோம்” என்பது இதற்குப் பதில் ஆகாது. அப்டேட் கேமராவுக்குள் ஓடும் நிரலை மாற்றும். கேமரா எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதை மாற்றாது. ஓடும்போதே சிறு விலகலைத் தானாகத் திருத்திக்கொள்ளும் கார்கள் உண்டு என்பதும் உண்மைதான். ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் ஓட்டியும் இழுப்பு நிற்கவில்லை என்றால், அந்தத் திருத்தத்தில் அடங்காத விலகல் அது. போட்ட கண்ணாடி உங்கள் மாடலின் கேமரா வகைக்கானதுதானா என்றும் கேளுங்கள். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் கேமரா இல்லாத வகைக்கு வேறு கண்ணாடி வரும்.

கேலிபிரேஷனுக்கு அனுப்பும் முன் வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள். வண்டியே கோணலாக ஓடும்போது கேமராவை நேராக்கி என்ன பயன்? வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. லேன் அசிஸ்டை அணைத்த நிலையில், ஆள் நடமாட்டம் இல்லாத நேர்ச்சாலையில், கையை எடுக்காமல் பிடியை மட்டும் தளர்த்திப் பாருங்கள். நம் சாலைகள் நடுவில் உயர்ந்து ஓரத்துக்குச் சரிபவை. அதனால் நல்ல வண்டி நேராகப் போகும், அல்லது மெதுவாக இடப்பக்கம் நகரும். அணைத்த பிறகும் வலப்பக்கம் போனால் அலைன்மென்ட் அல்லது டயரில் ஏதோ இருக்கிறது. பாலம் ஏறும் இடத்துப் பள்ளத்தில் சக்கரம் இறங்கிய ஞாபகம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். அணைத்ததும் இழுப்பு நின்றுவிட்டால், சந்தேகமே வேண்டாம், கேமராதான்.

இன்னொன்று, டிக்கியில் அரிசி மூட்டை. ஊரிலிருந்து வரும்போது இரண்டு மூன்று மூட்டை ஏற்றுவது நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. பின்பக்கம் அமுங்கினால் முன்பக்கம் நிமிரும், கேமராவும் ரேடாரும் சேர்ந்து மேலே பார்க்கும். கேலிபிரேஷனுக்குப் போகும்போது டிக்கி காலியாக, டயரில் சரியான காற்றோடு போக வேண்டும். புதுக் கண்ணாடியில் ஃபாஸ்டேக் எங்கே ஒட்டியிருக்கிறார்கள் என்றும் வெளியிலிருந்து பாருங்கள். கேமராவின் பார்வைப் பகுதியை அதன் ஓரம்கூட மறைக்கக் கூடாது.

அடுத்தது அந்த வளைவு. முதலில் எந்தப் பிரேக் என்று பிரித்துக்கொள்ளுங்கள். அவசர பிரேக் என்றால் பீப் சத்தமும் திரையில் சிவப்புக் குறியும் வரும், உடம்பு முன்னால் போகும் அளவுக்குப் பிடிக்கும். சத்தம் எதுவும் இல்லாமல் இழுத்துப் பிடித்ததுபோல வேகம் குறைந்தது என்றால் அது ரீஜென், அதாவது மோட்டாரே வேகத்தைக் குறைத்து பேட்டரிக்குக் கரண்ட் திருப்புவது. சில மின்சார கார்களில் ரீஜெனுக்கு ‘ஆட்டோ’ நிலை உண்டு. முன்னால் இருப்பதை ரேடாரில் பார்த்து அதுவே கூட்டும், குறைக்கும். உங்களுடையது ஆட்டோவில் இருந்தால் நிலையான அளவுக்கு மாற்றி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள்.

அவசர பிரேக்தான் என்றால், இரண்டு முறையும் அதே இடம் என்று எழுதியிருப்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. கோளாறான சென்சார் இடம் பார்த்துக் கோளாறு செய்யாது. ஒரே இடத்தில் வந்தால் அந்த இடத்தின் அமைப்பில் காரணம் தேட வேண்டும். வளைவில் திரும்பும் முன் வண்டியின் மூக்கு நேராகப் பார்ப்பது பாலத்தின் கைப்பிடிச் சுவரையோ, ஓரத்தில் நிற்கும் இரும்புத் தடுப்பையோதான். சாலை திரும்பப்போகிறது என்பது உங்களுக்குத் தெரியும். வண்டிக்கு, குறுக்கே ஏதோ நிற்கிறது என்று தோன்றும். கேமராவும் ஒரு டிகிரி தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தால், ஓரத்தில் இருப்பதை நடுவில் இருப்பதாக எடுத்துக்கொள்ள இன்னும் எளிது. அதனால் கேலிபிரேஷனிலேயே இதுவும் அடங்கிவிட வாய்ப்பு அதிகம். அதுவரை அந்த வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். தவறாகப் பிரேக் பிடித்தால் ஆக்ஸிலரேட்டரை அழுத்தமாக மிதித்தால் பெரும்பாலான கார்களில் பிரேக் விடும். உங்கள் கையேட்டில் அந்தப் பகுதியை ஒருமுறை படித்துவையுங்கள்.

இப்போது வைக்கோல் வண்டி. டீச்சர், உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது இந்த வரிதான். கேலிபிரேஷன் எத்தனை நன்றாகச் செய்தாலும் இது முழுக்கச் சரியாகாது. முன் ரேடார் 77 கிகாஹெர்ட்ஸ் அலையை அனுப்பி, அது பட்டுத் திரும்புவதை வைத்துத் தூரம் கணிக்கிறது. இரும்பில் பட்டால் பளிச்சென்று திரும்பும். காய்ந்த வைக்கோலில் பட்டால் மிகக் குறைவாகத்தான் திரும்பும். டிரெய்லரின் இரும்புச் சட்டம் தாழ்வாக, பாரத்துக்கு உள்ளே இருக்கிறது. வைக்கோலோ அதைத் தாண்டிப் பின்னால் துருத்திக்கொண்டிருக்கிறது. ரேடார் சட்டத்தைப் பிடித்தாலும் உண்மையான தூரத்தைவிடக் கூடுதலாகத்தான் நினைக்கும். கேமராவுக்கு வேறு சிக்கல். வண்டிகளின் பின்பக்கத்தை வடிவம், விளக்கு, நம்பர் பிளேட் ஆகியவற்றை வைத்து அடையாளம் காண அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். நகரும் வைக்கோல் போருக்கு இது எதுவுமே கிடையாது.

வண்டி நின்றுகொண்டிருந்தால் இன்னும் மோசம். சாலையோரத்தில் மரம், கம்பம், பலகை என்று நிற்பவை ஏராளம். எல்லாவற்றுக்கும் பிரேக் பிடித்தால் ஓட்டவே முடியாது என்பதால், நிற்கும் பொருள் என்று ரேடார் சொல்வதைக் கேமரா உறுதிசெய்யும்வரை பல அமைப்புகள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அறுவடை நேரத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையம் வாசலில் இருட்டியதும் விளக்கில்லாமல், ரிஃப்ளெக்டர்கூட இல்லாமல் நிற்கும் டிராக்டர் டிரெய்லரை நினைத்துப் பாருங்கள். அந்த இடத்தில் உங்கள் கண்ணையும் காலையும் மட்டும் நம்புங்கள். தை, மாசியில் சம்பா அறுவடை முடியும்வரை மாலை ஆறு மணிக்கு மேல் இந்தச் சாலைகளில் க்ரூஸ் போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பாதிச் சாலையில் நெல் காயப்போட்டிருக்கும் இடத்துக்கும் இது பொருந்தும். கோடே நெல்லுக்கு அடியில் இருக்கும்போது லேன் அசிஸ்ட் எதைப் பிடித்துக்கொள்ளும்? மேய்ச்சலுக்குப் போகும் வாத்துக் கூட்டத்தையும் எந்த அமைப்பும் பிடிக்கும் என்று நம்பாதீர்கள்.

ஒரு வேண்டுகோள். பிரேக் வேலை செய்கிறதா என்று பார்க்க அட்டைப்பெட்டியை வைத்தோ, யாரையாவது நிற்கச்சொல்லியோ வண்டியை ஓட்டிப் பார்க்காதீர்கள். வீடியோக்களில் அப்படிச் செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

மார்கழிக் காலைச் செய்திக்கு வருவோம். இரண்டு காரணம் இருக்கலாம், எது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். செய்தி வந்ததும் வைப்பரை ஒருமுறை தண்ணீர் தெளித்து ஓடவிடுங்கள். மறைந்தால் வெளிப்பக்கப் பனி, தூசி. மறையாவிட்டால் ஏசியை முன்கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள். சில நிமிடத்தில் மறைந்தால் உள்பக்க ஆவி. இரண்டுக்கும் அசையாமல், கும்பகோணம் போகும்போது மட்டும் வந்து தஞ்சாவூர்ப் பக்கம் போகும்போது வராவிட்டால், அது சூரியன். பாபநாசத்திலிருந்து காலையில் நீங்கள் கிழக்கு நோக்கித்தான் ஓட்டுகிறீர்கள். தாழ்ந்த வெயில் நேராகக் கேமராவில் அடிக்கிறது. அது சற்று ஏறியதும் செய்தி போய்விடும். இதில் எதுவுமே பழுது இல்லை. தனக்குத் தெரியவில்லை என்று வண்டி நேர்மையாகச் சொல்கிறது, அவ்வளவுதான். கண்ணாடியைச் சுத்தமாக வைத்தால் வெயிலின் தொல்லையும் குறையும். குறிப்பாகப் பயிர் பச்சையாக இருக்கும் மாதங்களில் இரவு ஓட்டினால் வெளிச்சத்துக்கு வரும் தத்துப்பூச்சிகள் கண்ணாடி முழுக்க அப்பிக்கொள்ளும். அதைக் காயவிடாமல் அன்றிரவே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். கேமராவுக்கு நேர் உள்பக்கத்தில் மங்கல் படிந்திருந்தால், மூடியைக் கழற்றித் துடைக்கும் வேலையைச் சர்வீஸில் விடுங்கள்.

எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்ததைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள். ஏபிஎஸ், ஸ்டீயரிங், ஏடாஸ் எல்லாம் ஒரே காலையில் தனித்தனியாகக் கெட்டுப்போகாது. எல்லாம் ஒன்றாகப் புகார் சொன்னால் எல்லாவற்றுக்கும் பொதுவானதைப் பார்க்க வேண்டும். அது 12 வோல்ட் பேட்டரி. பெரிய பேட்டரி 80 சதவீதம் இருந்தாலும், கணினிப் பெட்டிகளை எழுப்புவது இந்தச் சின்ன பேட்டரிதான். பத்து நாள் நின்றதில் அது இறங்கியிருக்கும். டேஷ்கேமை நேராக வயரில் கொடுத்து பார்க்கிங் ரெக்கார்டிங் போட்டிருந்தால் இன்னும் வேகமாக இறங்கும். லெட் ஆசிட் வகையென்றால், வண்டி சில மணி நேரம் ஓய்ந்திருந்தபின் 12.6 வோல்ட் அருகில் இருப்பது நல்லது. 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. வண்டி ‘ரெடி’ (ஓடத் தயார்) நிலைக்கு வந்ததும் 13.5க்கு மேல் ஏற வேண்டும். ஏறாவிட்டால் பேட்டரியைக் குறை சொல்ல முடியாது. அதை சார்ஜ் செய்யும் டிசி-டிசி கன்வெர்ட்டரைப் பார்க்க வேண்டும். லித்தியம் வகை சின்ன பேட்டரிக்கு அளவுகள் வேறு, கையேட்டைப் பாருங்கள். தெரிந்த எலக்ட்ரீஷியன் டெர்மினலைக் கழற்றி மாட்டி ‘ரீசெட்’ செய்கிறேன் என்றால் விடாதீர்கள். பதிவாகியிருக்கும் பிழைக்குறிகள் அழிந்துபோனால் காரணம் தேடவே முடியாது. ஆரஞ்சு நிற வயர் பக்கம் யாரும் கை வைக்கவே கூடாது, அது உயர் மின்னழுத்தம்.

சர்வீஸ் சென்டருக்கு மறுபடி போகும்போது வாயால் சொல்லாமல் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். தேதி, நேரம், இடம், எந்தத் திசையில் போனீர்கள், வேகம், வெயிலா பனியா, திரையில் வந்த வாசகம் அப்படியே. பக்கத்தில் ஆள் இருந்தால் திரையைப் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம், முழு வண்டியையும் ஸ்கேன் செய்த அறிக்கையைக் கேளுங்கள். யு என்ற எழுத்தில் தொடங்கும் பிழைக்குறிகள் கணினிப் பெட்டிகளுக்கு இடையே தொடர்பு அறுந்ததைச் சொல்பவை. அவை பலவும் ஒரே நேரத்தில், குறைந்த வோல்டேஜோடு பதிவாகியிருந்தால் பொங்கல் காலை நடந்தது என்ன என்று தெரிந்துவிடும். சி என்று தொடங்குபவை பிரேக், ஸ்டீயரிங் பக்கத்தைச் சேர்ந்தவை. குறிகளை அழிக்கும் முன் அறிக்கையை எடுக்கச் சொல்லுங்கள், இது முக்கியம். கேலிபிரேஷன் கட்டணத்தைக் கண்ணாடி க்ளெய்மில் சேர்த்திருக்க வேண்டுமா என்று இன்சூரன்ஸ் சர்வேயரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

உங்கள் கணவரின் யோசனையில் பாதியை ஏற்கிறேன். லேன் அசிஸ்ட் பழைய கும்பகோணம் சாலைக்குத் தேவையில்லை. கேலிபிரேஷனுக்குப் பிறகும் நான்குவழிச் சாலையில் மட்டும் போட்டால் போதும். அடாப்டிவ் க்ரூஸும் அப்படியே. ஆனால் அவசர பிரேக்கை, கேமரா சரியானதும், முழுமையாக இயக்கத்தில் வையுங்கள். களைத்துப்போய் வீடு திரும்பும் ஒரு மாலையில், முன்னால் போகிற பஸ் சட்டென்று நிற்கும் அரை நொடிக்காக அது இருக்கிறது. பின்பக்கம் குறுக்கே வருபவரைச் சொல்லும் எச்சரிக்கையையும் அணைக்காதீர்கள். தெருவில் ரிவர்ஸ் எடுக்கும்போது சைக்கிளில் வரும் பிள்ளைகளை அது பல நேரம் உங்களுக்கு முன்பே பார்த்துவிடும்.

கேலிபிரேஷன் முடிந்து, ரீஜெனையும் மாற்றிப் பார்த்த பிறகும் அந்த வளைவில் பிரேக் பிடித்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது முன் லோகோவுக்கோ பம்பருக்கோ பின்னால் இருக்கும் ரேடார். பூஜை போட்டபோது வைத்த சந்தனம் காய்ந்து முன் லோகோ மேல் தடிப்பாக இருக்கிறதா, பம்பரில் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்திருக்கிறார்களா, பிறகு வாங்கிய க்ராஷ் கார்டு (பம்பருக்கு முன்னால் மாட்டும் இரும்புத் தடுப்பு) ஏதும் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த ரேடாரின் அலைநீளம் 4 மில்லிமீட்டர்தான் என்பதால் மெல்லிய பூச்சுகூட அதைக் குழப்பும். க்ராஷ் கார்டு மாட்டுவதற்கு எதிராக 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் நடவடிக்கை எடுக்கச் சொல்லியிருக்கிறது, இருந்தால் கழற்றிவிடுங்கள். இவை எதுவும் இல்லையென்றால் பம்பரைக் கழற்றி ரேடார் பிராக்கெட் வளைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கேன் அறிக்கை கைக்கு வந்ததும் அதன் பிரதியை எனக்கு அனுப்புங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.